மாயாண்டியின் இடது கண்

ஜெயமணியைப் பெண் பார்க்க வந்த அன்று மாயாண்டி வீட்டார் ஒரு விஷயத்தை மட்டும் மறைத்தார்கள். மாப்பிள்ளை ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார், சொந்தமாக மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார், குடி, சிகரெட் எதுவும் கிடையாது என்று சொன்னார்கள். எல்லாம் உண்மைதான். மூக்கு ஏன் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்று பெண்ணின் அத்தை கேட்டபோது, சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்துவிட்டான் என்று மாயாண்டியின் அப்பா சாமிக்கண்ணு சொல்லி வைத்தார்.

ஜெயமணி காப்பித் தட்டோடு வந்து நின்ற நேரம் அது. மாயாண்டி டம்ளரை எடுத்துக்கொண்டே, "மரத்துல இருந்தெல்லாம் விழலைங்க. நான் டோமோய் அடிக்கிறவன். சயாம் குத்துச்சண்டை. மூக்கு ரெண்டு வாட்டி உடைஞ்சிருக்கு" என்றான்.

அடிக்கிறவன் என்று ஒருவனுக்குப் பெயர் வந்துவிட்டால் அவன் எந்தக் கும்பலைச் சேர்ந்தவன் என்றுதான் முதலில் கேட்கிற காலம். மாப்பிள்ளை வீட்டார் போன பிறகு செர்காமில் ஜெயமணியின் வீட்டிலும் அதே பேச்சுதான் எழுந்தது. அடிதடிக்காரனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அம்மா ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஜெயமணிக்கு இருபத்துநான்கு வயது. மலாக்கா டவுனில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். வாய் திறக்காமல் இருந்தாலே காரியம் முடிந்துவிடும் என்கிற இடத்தில் உண்மையைச் சொன்ன மனிதன் பிற்பாடு தன்னிடம் எதை மறைக்கப் போகிறான் என்று அவள் நினைத்தாள். இவரையே முடியுங்கள் என்று சொல்லிவிட்டாள். 1995ஆம் வருடம் வைகாசியில் கல்யாணம் நடந்தது.

மாயாண்டி டோமோய்க்குப் போன கதையை அவள் கல்யாணத்துக்குப் பிறகுதான் முழுதாகக் கேட்டாள். ரெம்பியாவுக்கு உள்ளே ஏழாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு செம்பனைக் குலை வெட்டினான். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க அண்ணாந்து வெட்டியதில் கழுத்தும் தோளும் காளைக்கு இருப்பது போல் திரண்டுவிட்டன. இருபத்தொரு வயதில் லாரியில் கெலிண்டனாகச் சேர்ந்து ஓட்டுநருக்கு உதவியாக ஊர் ஊராகப் போனான். ஒருமுறை கிளந்தானுக்குத் தரை ஓடு ஏற்றிப் போன இடத்தில், திடலில் மேடை கட்டி டோமோய் நடத்திக்கொண்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்றதும் இவன் சட்டையைக் கழற்றிவிட்டான். எதிரே நின்றவன் ஓர் ஒல்லி ஆள், சயாம்காரன். ஒரு தள்ளு தள்ளினால் கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் விழுவான் என்று மாயாண்டி எண்ணினான். நாற்பதே விநாடி. தொடையில் விழுந்த இரண்டே உதையில் கால் மரத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். லாரிக்காரர்தான் அவனைத் தூக்கிக்கொண்டு போய் சீட்டில் போட்டார்.

மலாக்கா வந்து சேரும் வரைக்கும் வலியைப் பற்றி நினைக்கவே இல்லை என்று அவன் ஜெயமணியிடம் சொன்னான். முருங்கைக்காய் மாதிரி ஒரு காலுக்குள் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்பதுதான் மண்டையைக் குடைந்ததாம். அடுத்த மாதம் லாரி வேலையை விட்டுவிட்டு, அந்த ஒல்லி ஆள் பயிற்சி செய்த இடத்தைத் தேடிக்கொண்டு எல்லை தாண்டி சயாமில் உள்ள கோலோக்குக்குப் போய்விட்டான். இரண்டு வருடம் அங்கேயே கிடந்தான். தன்னைவிட வயதில் சின்னவர்களிடம் தினமும் அடி வாங்கினான். கருவாட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்ததால்தான் தன்னைத் துரத்தாமல் வைத்திருந்தார்கள் என்று சிரிப்பான்.

பிறகு ஜெயிக்கத் தொடங்கினான். மலேசியாவுக்குத் திரும்பி, தொழிற்சாலையில் வேலையும் தேடிக்கொண்டு, அறுபத்தேழு கிலோ எடையில் இரண்டு வருடம் தொடர்ந்து நாட்டுப் பட்டம் வாங்கினான். 1994 டிசம்பரில் பேங்காக்கில் நடந்த அனைத்துலகப் போட்டிக்குப் போய் ஆறு நாளில் நான்கு சண்டை போட்டான். இறுதிச் சண்டையில் எதிரி அவனைவிட ஒரு தலை உயரம் கூடிய ஹாலந்துக்காரன். மூன்று சுற்று வரைக்கும் அவனுடைய நீளக் காலைத் தாண்டி மாயாண்டியால் கிட்டேயே போக முடியவில்லை. நான்காவது சுற்றில் ஒரு உதையை விலாவில் வாங்கிக்கொண்டே உள்ளே புகுந்து கழுத்தை வளைத்துப் பிடித்துவிட்டான். குலை வெட்டிய கை. பிடித்தால் விடாது. முட்டியால் ஆறோ ஏழோ இடி. அறிவிப்பாளர் "மா-யான்-டீ" என்று இழுத்துச் சொல்லி இடுப்பில் பெல்ட்டைக் கட்டினார். தமிழ்ப் பத்திரிகையில் படம் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் மாலை போட்டார்கள்.

மேடை ஏறும்போது நெற்றியில் திருநீறு இருக்கும். அதோடேயே சயாம்காரர்கள் முறைப்படி குழலுக்கும் மேளத்துக்கும் மெல்ல ஆடி மேடையைச் சுற்றி வணங்குவான். இரண்டு சாமியும் கோவித்துக்கொள்ளாதா என்று ஜெயமணி கேட்டதற்கு, மரியாதை கூடிப்போனதற்காக எந்தச் சாமியும் கோவித்துக்கொள்ளாது என்றான்.

புக்கிட் காத்திலில் ஒரு குடியிருப்புத் தாமானில் குடிவந்தார்கள். அவனுடைய ஒரு சண்டையைக்கூட அவள் பார்த்தது கிடையாது. வெளியூர் போனால் சண்டை முடிந்த உடனே வீட்டுக்குப் போன் செய்வான். ஜெயித்தானா தோற்றானா என்பதெல்லாம் அப்புறம். முதலில், "பல்லெல்லாம் இருக்கு" என்பான். அவளும் அதற்கு மேல் எதுவும் கேட்க மாட்டாள்.

1996 நவம்பரில் ஹாட்யாயிலிருந்து போன் செய்தபோதும் பல்லெல்லாம் இருக்கிறது என்றுதான் சொன்னான். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபோது இடது கண் கத்திரிக்காய் போல வீங்கி மூடிக் கிடந்தது. முழங்கையால் வாங்கிய அடி. பத்து நாளில் வீக்கம் வற்றியது, கண் திறந்தது, அவனும் வேலைக்குப் போனான். அதோடு முடிந்தது என்று அவள் விட்டுவிட்டாள்.

முடியவில்லை. அவள் இடப்பக்கமாக நீட்டிய தேத்தண்ணீரை வாங்கத் தெரியாமல் இரண்டு முறை கொட்டினான். மோட்டார் சைக்கிளை வாசல் கேட்டின் தூணில் உரசினான். பஸ்ஸிலும் கோயிலிலும் எப்போதும் அவளுக்கு இடப்பக்கம் போய் நின்றுகொண்டான். நல்ல கண் இருந்த பக்கம் அவள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் என்று அவளுக்குப் பிற்பாடு விளங்கியது. மறு வருடம் மே மாதம் கோலாலம்பூரில் ஒரு சண்டை. ஐந்து சுற்றும் எதிரியை ஒட்டிக்கொண்டு, பிடித்த பிடியை விடாமலே ஜெயித்தான். வயது ஏற ஏற மாயாண்டிக்குத் தந்திரம் கூடிவிட்டது என்று எல்லாரும் புகழ்ந்தார்கள். தள்ளி நின்றால் இடப்பக்கம் வருகிற உதை அவனுக்குத் தெரியாது. தந்திரம் அவ்வளவுதான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் புகைமூட்டம் வந்தது. சுமத்ராவில் காடு எரிந்து மலாக்கா முழுக்க வெள்ளையாகிப் போனது. எதிர் வீட்டுக் கூரைகூடத் தெரியாத நாட்களில், கண் மங்கலாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் சந்தேகம் வராது. மாயாண்டியும் கண்ணைக் கசக்கினான். எல்லாரையும் போலத்தான் என்று ஜெயமணி நினைத்தாள்.

இடையில் இரண்டு வருடம் நடக்காமலிருந்த அனைத்துலகப் போட்டி டிசம்பரில் பேங்காக்கில் மறுபடி நடக்க இருந்தது. பட்டத்தைக் காத்துக்கொள்ள அவன் போக வேண்டும். இந்த முறை மருத்துவப் பரிசோதனை கடுமையாக இருக்கும் என்று டோமோய்ச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அது வந்த வாரத்திலிருந்து மாயாண்டி சாயங்காலம் நேரத்தோடு கடைக்கு வந்து அவளை அழைத்துப்போக ஆரம்பித்தான். கண் பரிசோதிக்கும் மூலையில் உள்ள நாற்காலியில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பான். கூட வேலை செய்த பெண்கள் கேலி செய்தார்கள். ஜெயமணிக்கு உள்ளூரப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குளியலறை ஜன்னல் வழியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தத்தோடு மாயாண்டியின் குரல் கேட்டது. மந்திரம் போல எதையோ திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். "எஃப், பி. டி, ஓ, ஸெட். எல், பி, இ, டி..." எட்டு வருடமாகத் தினமும் பத்துப் பேர் வாயால் அவள் கேட்கிற எழுத்துகள். கடைச் சுவரில் தொங்குகிற அட்டையின் எழுத்துகள், வரிசை தவறாமல். கடைசி வரியையும் சொல்லி முடித்து, முதலிலிருந்து ஆரம்பித்தான். ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே நின்றாள்.

மறுநாள் கடை முதலாளி வெளியே போயிருந்த நேரத்தில் அவனை அந்த நாற்காலியில் உட்காரவைத்தாள். சும்மா ஒருதடவை பார்க்கலாம் என்றாள். முதலில் இடது கண்ணை மறைப்பால் மூடச் சொன்னாள். வலது கண்ணால் தடையில்லாமல் படித்தான். பிறகு வலது கண்ணை மூடச் சொன்னாள். மூடிய பிறகு, சத்தமில்லாமல் அட்டையைப் பின்பக்கம் திருப்பி மாட்டினாள். எழுத்துத் தெரியாதவர்களுக்கான பக்கம் அது. ஒரே குறிதான் மேலும் கீழும் இடமும் வலமுமாகத் திரும்பி நிற்கும். விரலால் திசையைக் காட்டினால் போதும்.

"படிங்க" என்றாள்.

அவன் நேராகப் பார்த்துக்கொண்டு, "எஃப், பி. டி, ஓ, ஸெட்" என்று சொல்லிக்கொண்டே போனான். ஒரு தப்புகூட இல்லை. கடைசி வரி வரைக்கும் அவள் குறுக்கே பேசவில்லை. முடித்துவிட்டு மறைப்பை எடுத்தான். சுவரில் இருப்பதைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"எவ்ளோ நாளா?" என்று கேட்டாள்.

"ஹாட்யாய்ல இருந்து."

பெரிய ஆஸ்பத்திரிக்கு வர அவன் மறுக்கவில்லை. கண்ணுக்குள் விழித்திரை கிழிந்து பாதிக்கு மேல் பிரிந்துவிட்டது என்றார்கள். உடனே அறுவை சிகிச்சை செய்தால் மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம். வலது கண்ணிலும் ஓர் இடம் மெலிந்திருக்கிறது, தலையில் பலமாக ஓர் அடி விழுந்தால் அதுவும் போகலாம், இனி மேடை ஏறக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். மாயாண்டி தலையாட்டினான். வெளியே வந்து ஹெல்மெட்டை மாட்டும்போது, பேங்காக் முடிந்ததும் வந்து படுத்துக்கொள்கிறேன் என்றான்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் அந்த வீட்டில் இதே பேச்சுதான். அவள் அழுது பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள். அவன் ஒருநாள்கூடக் கோபப்படவில்லை. இன்னும் நான்கே சண்டை என்றான். தோற்றுப் பட்டத்தைக் கொடுக்கலாம், கண் தெரியவில்லை என்று சொல்லி எப்படிக் கொடுப்பது என்றான். நவம்பர் தொடக்கத்தில் சங்கம் சொன்ன கிளினிக்குக்குப் போனான். அங்கேயும் அதே அட்டை. இரண்டு கண்ணாலும் படித்துத் தேறிவிட்டான். வரும் வழியில் அவளுக்குப் பிடிக்குமென்று ஜிலேபி வாங்கிக்கொண்டு வந்தான். அவள் ஒன்றை வாயில் வைத்து, மீதியைப் பொட்டலத்திலேயே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

சங்கச் செயலாளர் சிவசாமி ஒரு சனிக்கிழமை மத்தியானம் போன் செய்தார். மாயாண்டி ஓடப் போயிருந்தான். படிவத்தில் ரத்தவகை எழுத விட்டுப்போய்விட்டது என்றார். ஜெயமணி சொன்னாள். எல்லாரிடமும் கேட்கிற மாதிரிதான் அவர் அடுத்ததைக் கேட்டார்.

"தம்பி உடம்பு எல்லாம் ஓக்கேதானேம்மா? கம்ப்ளெய்ன் ஒண்ணும் இல்லியே?"

இல்லை என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"அண்ணே, அவருக்கு இடது கண்ணு தெரியாது. ஒரு வருசமா தெரியாது. அட்டைய மனப்பாடம் பண்ணித்தான் பாஸ் ஆனாரு."

நீ சொன்னதாக நான் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றார் சிவசாமி. வேண்டாம், நானே சொல்லிவிடுவேன் என்றாள் ஜெயமணி.

அவன் வியர்வையோடு வந்து செருப்பைக் கழற்றுமுன்னே சொல்லிவிட்டாள். மாயாண்டி கத்தவில்லை, எதையும் தூக்கி எறியவில்லை. குளித்தான். சட்டை மாற்றிக்கொண்டான். இரண்டு உடுப்பைப் பையில் வைத்து மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரெம்பியாவுக்கு அப்பா வீட்டுக்குப் போய்விட்டான்.

பதினோரு நாள் வரவில்லை. ஜெயமணி வேலைக்குப் போனாள், வந்தாள். செய்தி கேட்ட அவளுடைய அம்மா, கட்டின புருஷனைக் காட்டிக்கொடுப்பாளா ஒருத்தி என்றுதான் முதலில் கேட்டாள். அவன் சண்டைக்காரன் என்பதற்காகக் கல்யாணமே வேண்டாமென்று நின்றவள் இந்த அம்மாதான். ஜெயமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் மாயாண்டி வந்து வாசலில் நின்றான். ஆஸ்பத்திரியில் கொடுத்த கடிதம் எங்கே என்று கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் பேச்சு.

கோலாலம்பூரில் அறுவை சிகிச்சை நடந்தது. குழுவினர் பேங்காக்குக்குப் புறப்பட்டதும் அதே வாரம்தான். அவனுக்குப் பதிலாக சிரம்பான் சுரேன் போய் இரண்டாவது சண்டையில் தோற்றான். இங்கே மாயாண்டியைப் பத்து நாள் குப்புறப் படுக்க வைத்திருந்தார்கள். கண்ணுக்குள் ஏற்றிய காற்று விழித்திரையை அழுத்தி ஒட்ட வேண்டும், நிமிரவே கூடாது என்பது கட்டளை. வீட்டுக்கு வந்தும் கட்டில் விளிம்புக்கு வெளியே முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தான். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜெயமணி தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். அப்படிப் படுத்துக்கொண்டுதான் கஞ்சியை ஸ்பூனில் ஊட்டினாள்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவன் தானாகப் பேசினான். தோட்டத்தில் சும்மா இருக்க முடியாமல் ஒருநாள் அப்பாவோடு குலை வெட்டப் போனானாம். ஐந்து வருடம் செய்த வேலை. கம்பைத் தூக்கினான், காம்பில் அரிவாளை மாட்டி இழுத்தான். அரிவாள் காற்றைத்தான் வெட்டியது. காம்பு பக்கத்தில் இருக்கிறதா தூரத்தில் இருக்கிறதா என்று தெரியவில்லை. மூன்று முறை அப்படியே. நான்காவது முறை எங்கேயோ வெட்டுப்பட்டு, குலை அவன் தோளை உரசிக்கொண்டு விழுந்தது. சாமிக்கண்ணு மகன் கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விட்டார்.

"குலையே அடிக்குது, தெரியல. ஆளு அடிச்சா என்னா தெரியும்" என்றான்.

ஜெயமணி கீழே படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ செஞ்சது சரிதான். ஆனா எனக்கு இன்னும் கோவம் போகல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்."

"கேட்டா நீங்க வேணாம்னுதானே சொல்லியிருப்பீங்க."

"ஆமா" என்றான். ஸ்பூனைப் பார்த்துவிட்டு, "கஞ்சி ஆறிப்போச்சு லா" என்றான்.

இடது கண்ணுக்கு வெளிச்சமும், ஆள் நடமாடினால் ஒரு நிழலும் தெரிந்தன. அதற்கு மேல் வரவில்லை. வலது கண்ணை லேசர் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டக் கூடாது என்று தொழிற்சாலையில் அவனை ஸ்டோருக்கு மாற்றினார்கள். 1998ஆம் வருடத்தின் முதல் பாதி முழுக்க அவன் அதிகம் பேசவில்லை. காலையில் எழுந்து பழக்கத்தில் ஓடப் போவான். பாதியில் திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்துகொள்வான். அவளும் தொந்தரவு செய்யவில்லை. கோபம் எந்த நாளில் தீர்ந்தது என்று அவளுக்குத் தெரியாது. ஆகஸ்டில் ஒருநாள் பாசாரில் மீன்காரனோடு அவன் வம்பளந்து சிரிப்பதைப் பார்த்தபோது, சரியாகிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த டிசம்பரில் பேங்காக்கிலிருந்து அழைப்பு வந்தது. தோற்காமல் விலகிய வீரர் என்பதால், அறுபத்தேழு கிலோ எடையில் புதிதாக ஜெயிப்பவருக்கு அவனே மேடையில் வந்து பட்டத்தைச் சூட்ட வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போகமாட்டான் என்றுதான் அவள் நினைத்தாள். அவன் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "நீயும் வா. ஒரு சண்டையாவது பாரு" என்றான்.

போனார்கள். அரங்கில் மேடைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டிருந்தார்கள். இறுதிச் சண்டைக்கு மேளமும் குழலும் தொடங்கின. முதல் உதை விழுந்த சத்தத்தில் ஜெயமணி கண்ணைக் கையால் மூடிக்கொண்டாள். இரண்டாவது சுற்றில் விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாள். மூன்றாவது சுற்றில் கையை எடுத்துவிட்டாள். மாயாண்டி அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தான். இப்போது விழுந்தது பார்வைக்குத்தான் பெரிய அடி, தொடையில் சத்தமில்லாமல் விழுந்ததே, அதுதான் ஆளைச் சாய்க்கும் என்றான். அவன் அவ்வளவு பேசி அவள் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவள் அவன் பக்கம் சாய்ந்து, "அந்த சிவப்பு கால்சட்டைக்காரரு ஒவ்வொரு வாட்டி உதைக்கும்போதும் வலது கைய கீழ இறக்கிடுறாரே, ஏன்?" என்று கேட்டாள்.

மாயாண்டி திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்தான்.

"அட, ஆமா" என்றான். "அவன் ஆளுங்க யாரும் இத சொல்லல போல."

அடுத்த சுற்று தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள், இறங்கிய அந்தக் கைக்கு மேலே ஒரு உதை வந்து சிவப்பு கால்சட்டைக்காரர் விழுந்தார். மாயாண்டி எழுந்து நின்று கைதட்டினான். ஜெயமணி விழுந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எழுந்து உட்கார்ந்து, வாயைத் திறந்து டாக்டரிடம் பல்லைக் காட்டிய பிறகுதான் அவளும் தட்டினாள். சட்டையைச் சரிசெய்துகொண்டு, ஜெயித்தவருக்குப் பட்டம் கட்ட மாயாண்டி படியேறினான். படி தெரிகிறதா என்று அவள் ஒரு கணம் பார்த்தாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறிவிட்டான்.